விரிசல் அக்கா

சுவரில் ஒட்டிய கண்ணாடித் தகட்டின் மேல் அக்கா வாயால் ஊதி, ஈரத்துணியால் துடைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பிறகு கண்ணை மாற்றிப் பார்க்கிறார். மூன்றாவது முறை இரண்டு கண்ணாலும். மூன்று முறையும் ஒரே எண் வந்தால்தான் காதில் செருகிய பென்சில் கீழே இறங்கும். ஒன்பதாம் வீட்டுத் தையல்காரப் பெண்ணுக்கு இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. "ஏங்க்கா, எங்க வீட்டுச் சுவரு எழுந்து ஓடியா போகப்போகுது? ஒரு தடவை பாத்தா போதாதா?"

"ஓடலைன்னு எழுதத்தான் எனக்குச் சம்பளம்" என்று பென்சிலை எடுக்கிறார்.

தெருவுக்கு அடியில், இருபது மீட்டர் ஆழத்தில், ரயில் சுரங்கம் தோண்டும் இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது. அதன் வழியில் மேலே நாற்பத்து மூன்று வீடுகள். அந்த வீடுகளின் விரிசல்கள் அகலமாகின்றனவா என்று வாரம் ஒருமுறை அளந்து எழுதுவது இவர் வேலை. விரிசலின் ஒரு பக்கம் மில்லிமீட்டர் கட்டம் போட்ட தகடு. மறுபக்கத்திலிருந்து அதன் மேல் படிகிற இன்னொரு தகட்டில் சிவப்புக் கூட்டல்குறி. சுவர் நகர்ந்தால் குறி நகரும். ஒரே வாரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பது விதி. அடையாள அட்டையில் இவருடைய பதவி இரண்டு வரிக்கு நீள்கிறது. தெருவுக்கு இவர் விரிசல் அக்கா.

வயது நாற்பத்தேழு. எந்தச் சுவரிலும் சாய்ந்து நிற்க மாட்டார். உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மண்டபத் தூணைப் பார்த்துக்கொண்டிருப்பார். புதிதாக வீடு கட்டியவர்கள் இவரை அழைக்கத் தயங்குவார்கள். அழைத்துவிட்டால் கூடவே நடந்து, "அது பூச்சு வெடிப்புதானே?" என்று நாலு தடவை கேட்பார்கள்.

அளக்கப் போன இடத்தில் அளந்துவிட்டு மட்டும் வர முடிவதில்லை. நாற்பத்து மூன்று வீட்டிலும் நாற்பத்து மூன்று போக்குவரத்துத் திட்டங்கள் இருக்கின்றன. தையல்காரப் பெண்ணுக்கு ரயிலே வேண்டாம். "பஸ்ஸையே நாலு கூட விட்டிருந்தா இந்நேரம் ஊரே நிம்மதியா போய் வந்துட்டு இருக்கும்." பன்னிரண்டாம் வீட்டில் அண்ணன் சுரங்கக் கட்சி, தம்பி மேம்பாலக் கட்சி. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட அண்ணி வழியாகத்தான் கேட்டுக்கொள்கிறார்கள். தாமதத்துக்கு யார் காரணம் என்பதில் மட்டும் தெரு முழுக்க ஒரே கருத்து: அடுத்தவர்தான். எல்லாவற்றுக்கும் அக்காவின் பதில் ஒன்றே. "எனக்குச் சுவரு மட்டுந்தாங்க தெரியும்."

அவருடைய வீட்டிலோ விவாதமே இல்லை. அங்கே ஒரே கட்சிதான், அது கணவருடைய கட்சி. நகரத்தின் மறுகோடியில் ஓர் அச்சகத்தில் புத்தகம் கட்டும் பிரிவில் வேலை. இரண்டு பஸ், ஒரு மணி ஐம்பது நிமிடம், பெரும்பாலும் நின்றபடி. முழங்காலுக்குக் கீழே நரம்பு புடைத்து, துணிப்பட்டை சுற்றிக்கொண்டுதான் கிளம்புகிறார். வரப்போகும் ரயிலுக்கு அவர் வைத்த பெயர் 'நம்ம லைன்'. வீட்டு வாசலிலிருந்து நிலைய வாசல் எத்தனை அடி என்று நடந்தே எண்ணி வைத்திருக்கிறார்: இருநூற்றுப் பன்னிரண்டு. திறப்பு விழாத் தேதி இதுவரை நான்கு முறை தள்ளிப் போயிருக்கிறது. நான்கு முறையும் புதிய தேதியை மகளின் பிறந்தநாளைப் போல மனப்பாடம் செய்துகொண்டவர் அவர்.

நான்காம் வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. மனைவி இல்லை, பிள்ளைகள் வெளியூரில். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எங்கே நடந்தாலும் முதல் ஆளாக ஒலிபெருக்கியைப் பிடித்துவிடுவார். "மேல போட்டிருக்கணும். கீழ தோண்டறது தப்பு. என் வீடு விழுந்தா யார் பொறுப்பு?" கூடத்துச் சுவரில் உள்ள விரிசல் தினமும் விரிகிறது என்று வாரத்துக்கு இரண்டு முறை அக்காவுக்குப் போன் செய்வார். அக்காவும் போவார், ஊதுவார், துடைப்பார், மூன்று முறை பார்ப்பார். நகர்ந்திருக்காது.

சென்ற கோடையில் நடந்த கூட்டத்தில் பெரியவர் மறுபடி இதை எழுப்ப, மேடையிலிருந்த தலைமைப் பொறியாளர் அக்காவை எழுந்து பதில் சொல்லச் சொன்னார். அக்கா எழுந்து, "நகரலைங்க" என்றார். ஒரே சொல்தான். அரங்கம் சிரித்தது. அக்காவின் கணவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பெரியவர் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு போன் வரவில்லை. வாராந்தர அளவுக்குப் போனால் கதவைத் திறந்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விடுவார். அளவைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை. இயந்திரம் நான்காம் வீட்டுக்கு அடியில் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. பெரியவர் செய்தித்தாளை இறக்காமலே, "அதே கதைதானே? சைபர்னு போட்டுட்டுப் போம்மா" என்றார்.

அக்கா ஊதித் துடைத்து ஒரு கண்ணால் பார்த்தார். கண்ணை மாற்றினார். இரண்டு கண்ணாலும் பார்த்தார். சிறிய மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்து, கைவிளக்கை அடித்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தார். ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.

எழுதிய தாளைப் பெரியவரிடம் நீட்டினார். அவர் பேனாவைத் திறந்தார்.

"படிச்சுட்டுப் போடுங்க."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். எண்ணைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்திய மனிதர் அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "தப்பா இருக்குமோம்மா?"

"இல்லைங்க."

வாசலுக்கு வந்து வேலையிடத்துப் பொறியாளருக்குப் போன் செய்தார் அக்கா. சின்ன வயசுப் பொறியாளர், நல்ல மாதிரி. அவருக்கும் மேலிடத்து நெருக்கடி.

"மேடம், வெயிலுக்குக்கூட சுவரு விரியும்."

"இந்த வருஷந்தான் வெயிலா சார்?"

"இன்னும் அஞ்சே நாள். மெஷின் தாண்டிடும். அடுத்த புதன் மறுபடி பாத்து எழுதுங்களேன்."

"தாண்டினப்புறம் நான் எதைப் பாக்கறது? வீட்டையா, வீடு இருந்த எடத்தையா?"

"நிறுத்தினா எவ்வளவு மாசம் போகும்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். அந்த மாதங்களை எந்தக் கால் நின்றபடி கழிக்கும் என்பதும் தெரியும். அன்று காலைகூடப் பட்டையைச் சுற்றிவிட்டவர் இவர்தான். "எழுதிட்டேன் சார்" என்றார். "பெரியவர் கையெழுத்தும் போட்டுட்டாரு."

மாலையில் இயந்திரம் நின்றது. நான்காம் வீட்டையும் இருபுறத்து வீடுகளையும் காலி செய்தார்கள். அடுத்த வாரத்தில் கூடத்துத் தரை ஒரு மூலையில் அரை அடி இறங்கியது. ஆள் இல்லாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அது செய்தியாகவும் இல்லை. 'தொழில்நுட்பக் காரணங்களால் பணி நிறுத்தம்' என்பதே செய்தி. மண்ணைக் கெட்டிப்படுத்தி மறுபடி தொடங்கப் பத்து மாதம்.

வெளியே யாரிடமும் பேசக் கூடாது என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். வீடு அந்த 'வெளியே'யில் சேருமா என்று அக்கா கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காமலிருப்பது வசதியாக இருந்தது. தினமும் காலையில் கணவர் காலை நீட்டிக்கொண்டு, "எந்த மகராசன் நிறுத்தினானோ, அவன் ஒரு நாள் என்கூட பஸ்ல நின்னு வந்து பாக்கட்டும்" என்பார். அக்கா பட்டையைச் சுற்றுவார். "ரொம்ப இறுக்காதே" என்பார் கணவர். ஏழு வாரம் இப்படியே போனது.

எட்டாவது வாரம், சனிக்கிழமை மதியம், பள்ளிக்கூட அரங்கில் மக்கள் கூட்டம். கணவர் மனைவியையும் வற்புறுத்தி அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். தலைமைப் பொறியாளர் ஐந்தாவது முறையாகப் புதிய தேதியை அறிவித்தார். கூச்சல் எழுந்தது. சுரங்கக் கட்சி அண்ணனும் மேம்பாலக் கட்சித் தம்பியும் முதன்முறையாகச் சேர்ந்து கத்தினார்கள். தையல்காரப் பெண் பஸ் கணக்கை ஆரம்பித்தார். ஒலிபெருக்கி கைமாறிக் கைமாறி அக்காவின் கணவரிடம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பிடித்தார்.

"தொழில்நுட்பம், தொழில்நுட்பம்னு சொல்றீங்க. மெஷின் தானா நிக்காதுங்க. யாரோ ஒருத்தர் நிறுத்தணும்னு எழுதியிருக்காங்க. அந்த ஆள் யாரு? எங்க காலு படற பாடு அவருக்குத் தெரியுமா? பேரைச் சொல்லுங்க. இங்க இருந்தா காட்டுங்க!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்ன வயசுப் பொறியாளர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, திருகி மூடினார். இரண்டு வரிசை முன்னால் வாடகை வீட்டிலிருந்து வந்திருந்த நான்காம் வீட்டுப் பெரியவர் மெல்லத் திரும்பி, அக்காவைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தார்.

அக்கா மடியிலிருந்த பையை எடுத்துக் காலடியில் வைத்தார். கணவர் இன்னும் மேடையையே முறைத்தபடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய இடுப்பு உயரத்தில், உட்கார்ந்தபடியே, அக்கா வலது கையை முழுவதுமாக மேலே தூக்கினார்.