அண்ணையின் ஸ்டெர்லெட்

எனக்கு மீன் என்றால் அது சட்டிக்குள் இருக்க வேண்டும். அண்ணைக்கு அப்படியில்லை. புலம்பெயர்ந்து வந்து மில்லிக்கனில் வாங்கிய தன் வீட்டு பேஸ்மண்டில், மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கிற பெரிய வட்டத் தொட்டி ஒன்றைப் போட்டு, அதற்குள் ஒற்றை மீனை வளர்த்தார். வீட்டுத் தோட்டக் குளத்தை மூடிய யாரோ ஒருவரிடம் வாங்கியது. ஸ்டெர்லெட் என்று பெயர். ஸ்டர்ஜன் என்ற மீன் குடும்பத்தில் சிறிய சாதி. கடல் பக்கமே போகாமல் ஆற்றிலேயே சீவிக்கும்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது. இரத்தம் வற்றியது போன்ற வெள்ளை. செதில் இல்லை; முதுகிலும் விலாவிலும் எலும்புத் தகடுகள் வரிசையாக நின்றன. கூர் மூக்கின் கீழே நான்கு மீசைகள். கண் இருந்தும் அது கண்ணை நம்புவதில்லை. மீசையால் தொட்டியின் அடியைத் தடவிக்கொண்டே போகும். இரை தட்டுப்பட்டால் தலைக்கு அடியிலிருந்து வாய் ஒரு குழாய் மாதிரி வெளியே வந்து, உறிஞ்சிவிட்டு உள்ளே போகும். டைனசோர் காலத்துச் சாதி என்று அண்ணை பெருமைப்படுவார். அந்தக் காலத்திலேயே நின்றிருக்கலாமே என்று நான் சொல்வேன்.

"சதுரத் தொட்டி சரிவராது. மூலைக்குள்ள மாட்டுப்பட்டா உதுக்குப் பின்னுக்கு வரத் தெரியாது, அப்பிடியே செத்துப்போம்," என்பார். இன்னொன்றையும் வருகிற எல்லோருக்கும் சொல்வார்: "உதை ஒருநாளும் இஞ்சத்தை ஆத்துக்குள்ள விடக்கூடாது. ஐரோப்பாவில அணையளைக் கட்டி, உதுகள் முட்டை போடப் போற வழியை அடைச்சுப்போட்டாங்கள். அங்க ஆத்தில இப்ப அருமை. அதுக்காக இஞ்ச விடேலுமே? இஞ்சயும் ஏரியளில ஸ்டர்ஜன் இருக்கு, பெரிசு. அதுகளும் குறைஞ்சு போச்சு. உது போய் வருத்தம், நோயைப் பரப்பினா, இல்லாட்டிக் கலப்புக் குஞ்சு வந்தா, அதுகளின்ரை கதையும் முடிஞ்சுது."

ஒருநாள் காலையில் வேலைக்குப் போன அண்ணை மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. மருந்தை ஒழுங்காகப் போடச் சொல்லி எத்தனை தடவை கத்தியிருப்பேன்.

மீனுக்கு இரை போடும் வேலை என் தலையில் விழுந்தது. அண்ணையின் மனைவி, என் மச்சாள், பேஸ்மண்டுப் படியில் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டார். அண்ணை வேலை முடிந்து ஐந்து மணிக்கு நேரே கீழே இறங்குகிறவர். ஒருநாள் அதே ஐந்து மணிக்கு நான் தொட்டியருகே நின்றேன். ஓயாமல் சுற்றுகிற அந்த மீன் சட்டென்று நின்றது. தலையைத் தூக்கி, தண்ணீரில் செங்குத்தாக எழுந்து, வாயை நீட்டி நீட்டி எடுத்தது. என்னிடம் இரை கேட்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த படிக்கட்டைப் பார்த்துக் கேட்டது. அங்கே ஒருவரும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

சாம்பல் கரைக்கிற அந்தியேட்டிச் சடங்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது மச்சாள் சொன்னார்: "சாம்பலை ரூஜ் ஆத்தில கரைக்கேக்க மீனையும் விடுவம். அவர் வளர்த்த உயிர், அவரோடயே போகட்டும்."

இருந்தவர்கள் எல்லோரும் புண்ணியம் என்றார்கள். செத்தவீட்டில் கட்டினவள் கேட்பதை மறுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. வாய்க்காரி என்று பெயரெடுத்த நானும் "ஓம் மச்சாள்" என்றேன்.

என் வீடு அந்த ஆற்றுக்குக் கிட்ட, ரூஜ் பகுதியில்தான். மீனை நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லி முதல்நாளே எடுத்துப்போனேன். என் பேஸ்மண்டிலும் ஒரு வட்டத் தொட்டி, காற்றுப் பம்ப் எல்லாம் தயாராக இருந்தன. மறுநாள் மூடி போட்ட வாளியில் வெறும் தண்ணீரோடு ஆற்றங்கரைக்குப் போனேன். ஐயர் மந்திரம் சொல்ல, சாம்பல் கரைந்தது. நான் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, புல் மறைவில் குனிந்து வாளியைக் கவிழ்த்தேன். "போயிட்டுது," என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். செத்தவரின் சொல்லைக் காப்பாற்ற, உயிரோடு இருப்பவரை ஏமாற்றினேன். வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு மச்சாள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுக்குப் போகத் தொடங்கினார். மூன்றாவது ஞாயிறு கரையிலிருந்தே போன் எடுத்தார்.

"வந்தது," என்றார். "கையைத் தண்ணிக்குள்ள வச்சன். நாலு மீசை. மெதுவா உள்ளங்கையைத் தடவிப்போட்டுப் போனது."

அப்போது நான் என் தொட்டியருகே நின்றிருந்தேன். வெள்ளை மீன் என் முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது. கார்ப் மீனாக இருக்கும், அதற்கும் நாலு மீசை உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கார்ப் நிழலைக் கண்டாலே ஓடுகிற சாதி. அடுத்த ஞாயிறும் போன் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. அந்த ஞாயிறுகளில் என் மீன் இரையைத் தொடவில்லை. திங்கட்கிழமை வழமைபோலச் சாப்பிட்டது.

எனக்குப் பயம் பிடித்தது. பொய்யைச் சுமக்கவும் ஏலவில்லை. அடுத்த ஞாயிறு நானும் கூடப் போனேன். தண்ணீரோரம் இருவரும் குந்தியிருந்தோம். மச்சாளின் கை மணிக்கட்டு வரை ஆற்றுக்குள் இருந்தது.

"மச்சாள், நான் மீனை விடேல்லை. அது என்ரை வீட்டிலதான் இருக்கு."

அவர் திரும்பவில்லை. "தெரியும். வாளியைக் கவிட்டீர், தண்ணி விழுந்த சத்தம் மட்டும்தானே கேட்டது. விடக்கூடாதெண்டு அவர் எனக்கும்தானே சொன்னவர். ஏதோ துக்கத்தில கேட்டுப்போட்டன். நீர் செய்தது நல்லம்."

எனக்குக் கண் கலங்கியது. இத்தனை நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அதன் பிறகுதான் மற்றது உறைத்தது.

"அப்ப உங்கடை கையைத் தடவுறது?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை," என்று சொல்லி, மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கினார். கையை இழுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.