படலையில் ஒட்டாத கடதாசி

"இரண்டு கையாலையும் பிடியும், தம்பி. கொஞ்சம் மேலை. ஒன்றியத்தின்ரை பேர் தெரியவேணும்" என்று தலைவர் சொன்னார். சித்தப்பா வாழைகளுக்கு முன்னால் நின்று ஒரு வெள்ளைக் கடித உறையை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார். தலைவரின் கைத்தொலைபேசி அவரை நோக்கி நீண்டிருந்தது. நான் சோடாக் குவளைகள் வைத்த தட்டுடன் சற்றுத் தள்ளி நின்றேன். உறைக்குள் இருந்தது சில மாத மருந்துக் குளிசைகளுக்கான காசு. அது கிடைக்காவிட்டால் அந்த மாதத்தோடு குளிசை முடிந்துவிடும். முடிந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். தலைவருக்குத் தெரிந்ததெல்லாம் சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது என்பதுதான். அது நாங்கள் சொன்ன பொய்.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. பல வருடங்கள் பிரான்சில் உணவகச் சமையலறைகளில் வேலை செய்தவர். அங்கே அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, கொரோனாவுக்குச் சற்று முன்னர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். நீர்வேலியில் தன் பங்குக் காணியில் வாழை வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். ஏன் கலியாணம் செய்யவில்லை என்று கேட்பவர்களிடம், "பொம்பிளை பாக்கத்தான் போறன், இந்தக் குலை முத்தட்டும்" என்பார். நான் மின்னியல் படித்தவள். யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனத்துக்காகக் கூரைகளில் சூரியத் தகடு பொருத்தும் வேலையை மேற்பார்வை செய்கிறேன். கூரையில் ஏறுமுன் பார்க்கவேண்டியவற்றை ஒவ்வொன்றாக மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது தொழிலோடு வந்த பழக்கம். வீட்டுக் காரியங்களையும் அப்படித்தான் யோசிப்பேன். சித்தப்பாவின் தண்ணீர் மோட்டர் பழுதானால் நான்தான் போவேன். அப்படிப் போன ஒரு நாள், கொழும்பிலுள்ள ஒருவருக்கு என் தொலைபேசியால் காசு அனுப்பித் தரும்படி கேட்டார். விற்றமின் குளிசைக்காம். அந்தத் தொகைக்கு எந்த விற்றமினும் விற்கப்படுவதில்லை. கிணற்றடி அறையில் இருந்த போத்தலில் எழுதியிருந்த பெயரை அன்றிரவே தேடிப் பார்த்தேன்.

மறுநாள் நான் மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"பாத்திட்டாய் போலை."

"ஓம், சித்தப்பா."

"கொம்மாவுக்குச் சொல்லிப்போட்டியோ?"

"இல்லை. எத்தினை குளிசை மிச்சம் இருக்கு?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உன்னைக் கட்டப்போறவன் பாவம். அழுவாய் எண்டு நினைச்சன், நீ ஸ்ரொக் எடுக்கிறாய்."

அந்த நோயின் பெயரை அவர் ஒருபோதும் சொன்னதில்லை. 'உந்த வருத்தம்' என்பார். தினமும் ஒரு குளிசை விழுங்கும்வரை கிருமி அடங்கிக் கிடக்கும், மற்றவர்களுக்கும் போகாது. விட்டுவிட்டால் மீண்டும் தலைதூக்கும் என்று பிரான்சில் வைத்தியர் விளங்கப்படுத்தியிருந்தார். அங்கே எல்லாம் இலவசம். இங்கே அந்தக் கொழும்புக்காரர் வெளிநாட்டிலிருந்து வருவித்துக் கொடுத்தார். ரூபாய் விழ விழ விலை ஏறியது. கடைசியாகக் கேட்ட விலை என் சம்பளத்தில் பாதியைத் தாண்டியது.

நான் முதலில் கேட்டது அரசாங்க வைத்தியசாலையைப் பற்றித்தான். அதற்கென்று ஒரு கிளினிக் இருக்கவேண்டும், அங்கே போனால் என்ன என்றேன். சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது. அவர் ஊருக்கு வந்த புதிதில் பக்கத்து வளவுக்காரருக்குக் கொரோனா வந்தது. சுகாதாரப் பரிசோதகர் வந்து வாசல் படலையில், நோய் உள்ள வீடு என்று கடதாசி ஒட்டினார். நோய் இரண்டு கிழமையில் போய்விட்டது, கடதாசியையும் கிழித்துவிட்டார்கள். ஆனால் அந்த வீட்டு வாழைக்குலைகளைச் சந்தையில் அதன் பிறகும் நெடுநாள் எவரும் தொடவில்லை. அதை அவர் தன் படலையில் நின்று பார்த்திருக்கிறார். கிளினிக்கில் பெயரைப் பதிந்தால் அடுத்த நாள் பரிசோதகர் வருவார், கிராம சேவகருக்கும் தகவல் போகும் என்று உறுதியாக நம்பினார். "அதைக் கிழிச்சுப்போட்டினம். இதுக்கு ஒட்டினால் ஆர் கிழிக்கிறது?" என்று கேட்டார். போதாததற்கு, அரசாங்கத்தில் பரிசோதனை மட்டும்தான், குளிசை கொடுக்கமாட்டார்கள் என்று கொழும்புக்காரர் சொல்லியிருந்தார். அவருக்கு அதில் என்ன இலாபம் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

ஆகவே மிஞ்சியது காசு தேடுவது. லண்டனில் இருக்கும் பெரியப்பா ஒருமுறை அனுப்பினார்; இரண்டாம் முறை கேட்டபோது, அங்கே தெரிந்த வைத்தியரிடம் காட்டவேண்டும், அறிக்கைகளை அனுப்பு என்றார். என் சங்கிலியை அடகு வைக்கலாம். ஆனால் அம்மா எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கியிருந்த நேரம் அது. கழுத்து வெறுமையானால் அன்றைக்கே கேள்வி வரும். கடைசியாக, கனடாவிலிருக்கும் எங்கள் ஊரவர்களின் ஒன்றியம். இருதய சத்திரசிகிச்சை, விபத்து, வீடு எரிந்தது என்று எத்தனையோ பேருக்குக் கைகொடுத்தவர்கள். உதவி பெற்றவரின் படமும் நோயின் பெயரும் தொகையும் அவர்களுடைய முகநூலில் வரும். பனியில் நின்று உழைத்த காசு யாரிடம் போனது என்று பார்க்க விரும்புவதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்த உதவிக்கு ஒரு முகம் வேண்டும், நோய்க்கு ஒரு பெயர் வேண்டும். பெயரைச் சித்தப்பாவே தெரிந்தெடுத்தார். "கிட்னி எண்டு சொல்லுவம். கிட்னிக்கு ஒருத்தரும் படலை சாத்தமாட்டினம்."

ஒன்றியத்தின் ஊர்ப் பொறுப்பாளரைத்தான் எல்லோரும் தலைவர் என்று அழைப்பார்கள். ஓய்வுபெற்ற தபாலதிபர், நேர்மையான மனிதர். படம் எடுத்து முடித்ததும் கதிரையில் உட்கார்ந்து சோடாவைக் குடித்தபடி, வைத்தியரின் கடிதத்தை அடுத்த கிழமை தந்தால் போதும் என்றார். பிறகு, கேட்காமலே ஒன்றைச் சொன்னார். மேற்கு ஒழுங்கையில் இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருத்தி, கிழமைக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவள், அவளும் விண்ணப்பித்திருந்தாளாம். இந்த முறை ஒருவருக்குத்தான் காசு இருந்தது. சித்தப்பா தனி ஆள், பார்க்க ஒருவரும் இல்லை என்று அவரைத் தெரிவுசெய்தார்களாம். "அவவுக்கு அடுத்த முறை பாப்பம்" என்றார்.

சித்தப்பா மடியில் கிடந்த உறையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு விளங்கியது. வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"தலைவர், எனக்குக் கிட்னி நல்லாத்தான் இருக்கு."

தலைவர் குவளையைக் கீழே வைத்தார். "அப்ப என்ன வருத்தம்?"

"வருத்தம் இருக்கு. பேர் சொல்லமாட்டன். இதை அவவுக்குக் குடுங்கோ."

தலைவர் என்னைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, எங்களுக்குத் தெரியும்படி அந்தப் படத்தை அழித்தார். உறையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தவர், "போட்டு வாறன்" என்றுகூடச் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை உதைத்தார். எங்கள் பக்கத்தில் செத்த வீட்டிலிருந்துதான் அப்படிச் சொல்லாமல் போவார்கள்.

"இனி உன்ரை பட்டியலிலை என்ன கிடக்கு?" என்று சித்தப்பா கேட்டார்.

"முதலாவது கிடக்கு. அரசாங்க ஆஸ்பத்திரி."

"அதை நான் அண்டைக்கே வெட்டினனான்."

"நான் வெட்டேல்லை."

சித்தப்பா எழுந்து தலைவர் குடித்த குவளையைத் தட்டில் வைத்தார். பிறகு, நீ போய்ப் பார்த்துவிட்டு வா, பெயரைக் கூப்பிட்டுக் கத்துகிறார்களா என்று பார், பிறகு யோசிப்போம் என்றார்.

தனியாகத்தான் போனேன். கூரையில், மின் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் நான். அந்த வாசலில் தயங்கி நின்றேன். கதவுக்கு மேலே பலகையில் என்ன கிளினிக் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. கலியாணம் பேசும் வீட்டார் உரும்பிராயில் இருந்தார்கள். அவர்களில் எவர் இன்று எந்த வருத்தத்துக்காக இந்த நடைவழியால் வருவார் என்று யாருக்குத் தெரியும்? உள்ளே போய்விட்டேன். தாதி, வயதில் என்னைவிடக் கொஞ்சம் கூடியவர், கதவைச் சாத்திவிட்டு யாருக்கு என்று கேட்டார். சொந்தத்தில் ஒருவருக்கு என்றேன். பெயர் கேட்கவில்லை. வந்தால் ஓர் எண் கொடுப்போம், எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவோம், வீட்டுக்கு எவரையும் அனுப்பி எதையும் ஒட்டும் வழக்கம் இல்லை என்றார். குளிசையும் இங்கேயே கிடைக்கும் என்றார். கடைசியாக, நான் வந்த விடயத்தைக் கேட்டேன். மாதத்துக்கு என்ன விலை வரும்?

தாதி எழுதுவதை நிறுத்தினார். "விலையோ? இவ்வளவு நாளும் காசுக்கோ வாங்கினவர்?"

நான் தலையாட்டினேன்.

"சும்மா குடுக்கிறம், தங்கச்சி. எல்லாருக்கும் சும்மாதான்."

வெளியே வந்ததும் வாசலிலிருந்த வாங்கில், சரியாக அந்தப் பலகையின் கீழ், உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. நிமிர்ந்தபோது முன்னால் தலைவர் நின்றார். மேற்கு ஒழுங்கைப் பெண்ணை இரத்தச் சுத்திகரிப்புக்குக் கூட்டிவந்திருக்கிறார். கையில் அவளுடைய பை இருந்தது. அவருடைய கண்கள் பலகைக்குப் போயின, மெதுவாக வாசித்தன, பிறகு என்னிடம் இறங்கின. சித்தப்பாவுக்காக என்று சொன்னால் அவரைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் அது என்னுடையதாகும்.

"பிள்ளை," என்றார் தலைவர், "நான் உன்னை இங்கை காணேல்லை."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் யாருக்கென்று நினைத்தார் என்பது எனக்கு இன்றும் தெரியாது. உரும்பிராய்ப் பேச்சு சில கிழமைகளில் நின்றது. பொருத்தம் சரியில்லை என்றார்கள். பொருத்தம்தான் சரியில்லாமல் இருந்திருக்கும்.

அடுத்த கிழமை சித்தப்பா வந்தார், வெயிலே இல்லாத நாளில் தொப்பியுடன். இரத்தம் எடுத்தார்கள். பிரான்சில் கொடுத்த அதே குளிசை இல்லை, அதற்கு ஈடான வேறொன்றை வைத்தியர் எழுதினார். மருந்துப் பையை வாங்கியதும் சித்தப்பா காற்சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துக்கொண்டு நடைவழியில் அங்குமிங்கும் பார்த்தார். "எங்கை கட்டிறது?" என்று கேட்டார். கட்டத் தேவையில்லை என்று நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன், தாதியும் சொன்னார். அவர் விடவில்லை. ஒரு சிட்டையாவது தாருங்கள், பிறகு பிரச்சினை வரக்கூடாது என்றார். "உள்ளுக்கை வையுங்கோ, அண்ணை" என்று தாதி அந்தக் கையை மெல்லத் தள்ளிவிட்டார்.

சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். ஓட்டோவில் ஏறியதும் அவருக்கு வந்தது கோபம். "சும்மா" என்றார். கோண்டாவில் தாண்டும்போது மறுபடி, "சும்மா குடுக்கிறாங்கள்" என்றார். அதன் பிறகுதான், ஓட்டோக்காரருக்குக் கேட்காதபடி, அதைச் சொன்னார். போன வருடம் வடக்குப் பக்கத்து வாழைத் துண்டை அவர் விற்றபோது குடிக்கத்தான் விற்கிறார் என்று ஊரே கதைத்தது. அப்பாவும் அதை நம்பி அவருடன் பேச்சை விட்டிருந்தார். அந்தக் காணி முழுவதும் குளிசையாகிப் போயிருந்தது. வீடு வரும்வரை பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி வீதியையே பார்த்துக்கொண்டு வந்தார். பிழையைத் திருத்தலாம், ஓடி முடிந்த மின்சாரத்தைத் திருப்பி எடுக்க முடியாது.

இப்போது சித்தப்பா கிளினிக்குக்குத் தனியாக, பஸ்ஸில் போய் வருகிறார். அப்பாவுக்கு உண்மை தெரியாது. ஆனால் தம்பி குடியை விட்டுவிட்டான் என்று மறுபடி கதைக்கத் தொடங்கியிருக்கிறார். விற்ற துண்டில், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரவர் ஒருவர் மாடி வீடு கட்டியிருக்கிறார். போன மாதம் அந்தக் கூரைக்குத் தகடு பொருத்தும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது, நான்தான் போகவேண்டியிருந்தது. சரிபார்க்க வேண்டியவற்றைச் சரிபார்த்துக்கொண்டு மேலே நின்றபோது வேலிக்கு அப்பால் மிஞ்சிய வாழைகள் தெரிந்தன. அவற்றின் நடுவே சித்தப்பா, இப்போது கொஞ்சம் வயிறு வைத்தவர், தொலைபேசியில் யாரோ வியாபாரியுடன் விலைக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார்.

"பாத்து நில், பிள்ளை. விழுந்தாலும் யோசியாதை, ஆஸ்பத்திரியிலை எல்லாம் சும்மாதான்."

சொல்லிவிட்டு மறுபடி சண்டைக்குத் திரும்பினார். குலைக்குச் சொன்ன விலையில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை.