போர்மேன் செந்தூர்பாண்டி டயர் மாற்றிய கதை

விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் செந்தூர்பாண்டி இருபத்திரண்டு வருஷமாகப் போர்மேன். வேலை என்னவென்றால், எதுவும் எதோடும் உரசாமல் பார்த்துக்கொள்வது. அவர் ஷெட்டில் செருப்பு கூடாது, நைலான் சேலை கூடாது, டப்பாவைத் தரையில் இழுக்கக் கூடாது. வாரம் ஆறு நாள் இப்படி உராய்வை ஒழிக்கப் பாடுபடுகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே உராய்வைத் தேடிக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

விருதுநகருக்கு வெளியே மூடிக் கிடக்கிற ஒரு பஞ்சாலையின் சிமெண்டுத் தளத்தில், கார்ப் பிரியர்கள் சிலர் சேர்ந்து ஆட்டோகிராஸ் போட்டி நடத்துகிறார்கள். வழி நெடுக ஆரஞ்சு நிறக் கோன்களை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு காராக அவற்றின் நடுவே வளைந்து வளைந்து ஓடும். ஆளுக்கு மூன்று ஓட்டம், மூன்றின் நேரத்தையும் கூட்டி யார் முதல் என்று பார்ப்பார்கள். செந்தூர்பாண்டி தன் பழைய ஸ்விஃப்டில் ஆறு போட்டிக்குப் போனார். ஆறிலும் கடைசி. மயிரிழையில் தவறிய கடைசி இல்லை, பக்கத்தில் ஆளே இல்லாத நிம்மதியான கடைசி.

காரணம் டயர். அந்த ஒரே செட் டயர்தான் அவரைத் தினமும் கம்பெனிக்குக் கொண்டுபோக வேண்டும், இருக்கன்குடி கோயிலுக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போக வேண்டும், போட்டியிலும் ஓட வேண்டும். அதனால் உள்ளதிலேயே கெட்டியானதாகப் பார்த்து வாங்கியிருந்தார். மூன்று வருஷமாகியும் தேயாமல் முள்முள்ளாக இருந்த ரப்பரைத் தடவிப் பெருமைப்படுவார். வளைவில் அது சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். வழுக்கிய உடனே இவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். அப்புறம் எங்கே முதல் பரிசு?

ராமுத்தாய் ஒரு நாள் முடிவாகச் சொல்லிவிட்டார். அவர் செந்தூர்பாண்டியின் மனைவி, அதே ஷெட்டில் திரி முடிகிறவர்.

"இந்தத் தடவையும் கடைசின்னா வண்டிய வித்துருவோம். ஷெட்டுல பொம்பளையாளுக எல்லாம் சிரிக்காக. மானம் போகுது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது செந்தூர்பாண்டிக்குத் தெரியும். இந்த வாழ்க்கையில் அவர் தனக்கென்று வைத்திருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். மனசு கலங்கிப்போய்த் திருத்தங்கலில் டயர்க் கடை வைத்திருக்கும் முத்துராமலிங்கத்திடம் போய் நின்றார்.

"நல்லாப் பிடிக்கணும், ஆனா தேயக் கூடாது. அப்படி ஒண்ணு குடுப்பா."

"பாண்டியண்ணே, தேஞ்சாத்தான் பிடிக்கும். உங்க கம்பெனில வெடிக்காத வெடிய, இது ரொம்ப நாளைக்கு உழைக்கும்னு சொல்லி விப்பீகளா?"

முத்துராமலிங்கம் டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணைக் காட்டினார். எண் கூடினால் உழைப்பு கூடும், பிடிப்பு குறையும். இவர் காரில் கிடந்தது ஐநூற்று அறுபது. பந்தயத்துக்கென்றே ஓட்டுகிறவர்கள் இருநூறு போடுவார்கள். அது இவர் போகிற ரோட்டுக்குச் சீக்கிரம் மொட்டையாகிவிடும். கடைசியில் நடுவாக முந்நூறில் ஒரு செட், அதுவும் போன மாதம் தயாரான தேதி பார்த்து, மாட்டிக்கொண்டார். நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதிந்தது. அதைப் பார்க்கவே அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஏழாவது போட்டிக்கு ராமுத்தாயும் வந்தார். சிரித்தவர்களில் மூன்று பேரையும் கூட்டி வந்தார். நாலு பேரும் கோன்களைத் தாண்டிச் சுவர் நிழலில் உட்கார்ந்தார்கள்.

முதல் ஓட்டத்திலேயே கார் ஒட்டிக்கொண்டு திரும்பியது. செந்தூர்பாண்டியால் நம்ப முடியவில்லை. இரண்டாவதில் துணிந்து மிதித்தார். பதினாலு கார்களில் ஏழாவது இடம். நாலு பெண்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒழுங்காக இன்னொரு ஓட்டம் முடித்தால் போதும், கார் பிழைத்தது.

மூன்றாவது ஓட்டத்தில் கடைசி வளைவு. டயர் சூடேறி, கருகிய ரப்பர் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. டயர் வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் இவருடைய மூக்கு இருபத்திரண்டு வருஷமாக ஷெட்டில் பழகிய மூக்கு. கருகல் வாசனை வந்தால் யோசிக்காதே, ஓடு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர், தானும் யோசிக்கவில்லை. பிரேக்கை மிதித்துக் கதவைத் திறந்து இறங்கினார்.

"ஓடுங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!"

நாற்பது ஐம்பது பேர் இருந்த இடத்தில் ஓடியது அந்த நாலு பெண்கள் மட்டும்தான். செருப்பை உதறிவிட்டு, ஏன் என்றுகூடக் கேட்காமல், நேராக ஆலைக்கு வெளியே இருந்த பொட்டலுக்கு ஓடினார்கள். மற்றவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். நாலு பேரும் தூரம் போகிற வரைக்கும் செந்தூர்பாண்டி கார் பக்கத்திலேயே நின்று கத்திக்கொண்டிருந்தார். அப்புறம்தான் ஹெல்மெட்டோடு தானும் ஓடினார்.

பொட்டலில் போய் நின்று தலை எண்ணிப் பார்த்தார். நாலும் சரியாக இருந்தது. அதற்கப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். கார் கதவைத் திறந்து போட்டபடி, ஒரு குறையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

"சார், அது டயர் வாசனை. வந்தா நல்லதுதான் சார்," என்றார் போட்டி நடத்துகிறவர், சிரிப்பை அடக்க முடியாமல். மூன்றாவது ஓட்டம் முடியாததால், நேரம் எழுதுகிற பலகையில் பதினாலாவது பெயர் செந்தூர்பாண்டி.

மற்ற மூன்று பேரும் பஸ்ஸில் போய்விட்டார்கள். ராமுத்தாய் காரில் ஏறிக்கொண்டார்.

"வித்துருவோம். நாளைக்கே ஆள் பாக்கேன்," என்றார் செந்தூர்பாண்டி, ஆமத்தூர் தாண்டியதும்.

ராமுத்தாய் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் அக்கா பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

"கல்யாணத்துக்கு முந்தி நானும் எங்க அக்காவும் வேற கம்பெனில ஒரே ஷெட்டுல இருந்தோம். அங்கன வாசனை வந்தப்ப போர்மேன் மொதல்ல ஓடுனான். வெளிய போய் நின்னுக்கிட்டுத்தான் எங்களக் கூப்பிட்டான். அக்காவுக்கு அது கேக்கல."

செந்தூர்பாண்டி காரை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"வண்டி இருக்கட்டும். அடுத்த போட்டி என்னைக்குன்னு கேட்டு வைங்க," என்றார் ராமுத்தாய்.