காஜா பெராங் மருதமுத்து வாங்கிய வண்டி

வண்டியைப் பார்த்து வாங்குகிறவன் ஒருவன், அதில் ஏறிப் போகிறவன் இன்னொருவன் என்றால், வழியில் நடப்பதற்கு யார் பொறுப்பு? மருதமுத்துவின் பிழைப்பு இந்தக் கேள்வியை அவர் கேட்காமலேயே அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தது.

பெருஞ்சாலையில் பழுதாகி நிற்கும் லோரிகளையும் கார்களையும் கட்டி இழுத்து மலாக்கா டவுனுக்குக் கொண்டுவருவது அவர் தொழில். நல்ல மனிதர் என்று அவரைச் சொல்லிவிட அவசரப்பட வேண்டாம். சிடுசிடுப்பு அதிகம், தன் தப்பை ஒப்புக்கொள்ளும் பழக்கம் குறைவு. மலாயா சுதந்திரத்துக்கு முந்தின ஆண்டு அவர் ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். அதை ஓட்டியது அவருடைய கூட்டாளி அப்பாசாமி. தம்பின் ஊருக்குப் போகும் சாலையின் இறக்கத்தில், பின்னால் கட்டியிருந்த பலகை ஏற்றிய லோரி ஜீப்பை நெட்டித் தள்ளிக் குறுக்கே மடக்கிப் போட்டது. அப்பாசாமி அங்கேயே முடிந்துபோனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருதமுத்துவுக்கு இடது முழங்கால் நொறுங்கியது. இனிமேல் கிளச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பாசாமியின் மனைவி அஞ்சலை காஜா பெராங்கில் மருதமுத்துவின் வீட்டுக்கு அடுத்த வரிசையில்தான் இருந்தாள். அவள் அவரை ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று மகள் சீதா நினைப்பாள்.

மறு ஆண்டு சுதந்திரத்துக்காக ஊரெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தபோது, மருதமுத்து மறுபடியும் வண்டி தேடினார். இந்த முறை ஓட்டப்போவது சீதாவின் கணவன் தேவதாஸ். அவளுக்கு அப்போது ஐந்தாவது மாதம். "என் புருஷன் ஓட்டப்போற வண்டிய நானும் பாக்கணும்" என்று பிடிவாதம் பிடித்து அவளும் செமாபோக்குக்குக் கூடப் போனாள்.

அங்கே, வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துப் போட்ட வண்டிகளை வாங்கி விற்கும் ஷரீஃபுதீனின் கொட்டகையில், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் இரண்டு நின்றன. ஒன்று சின்ன ஜீப். கைபடாத பொருள்போல் இருந்தது. மற்றது நீண்டு கனத்த லோரி. அதற்கு மட்டும் புதுப் பச்சைச் சாயம் அடித்திருந்தார்கள்.

"மறைச்சு விக்கிற பழக்கம் எனக்கு இல்லண்ணே" என்றார் ஷரீஃபுதீன். "இந்தப் பெருசுல ஒரு பட்டாளத்தான் செத்திருக்கான். காட்டுக்குள்ள இருந்து கம்யூனிஸ்ட்டுக்காரனுங்க சுட்டுட்டானுங்க. ஓட்டிக்கிட்டிருந்தவனுக்குத்தான் பட்டுச்சு."

"ஷரீஃபுதீன் நானா, நீங்க வண்டிய விக்கிறீங்களா, ஆள வெரட்டுறீங்களா?" என்றான் தேவதாஸ்.

"நாளைக்கு நீ வந்து என் சட்டையப் பிடிக்கக் கூடாது பாரு, அதான்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. லோரியின் கதவில் கை வைத்தாள். வழவழப்பான சாயத்துக்கு அடியில், ஓட்டைகளை அடைத்துத் தேய்த்த இடங்கள் கொப்புளம்போல் விரலில் தட்டுப்பட்டன. அவை எல்லாம் ஓட்டுகிறவனின் நெஞ்சு உயரத்தில் இருந்தன. கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

தேவதாஸ் ஜீப்பில் ஏறி ஸ்டீரிங்கைத் திருப்பிப் பார்த்தான். "பட்டு மாதிரி இருக்கு மாமா!"

மருதமுத்து ஜீப்பின் பின்பக்கத்தில் இரண்டு கைகளையும் ஊன்றி அழுத்தினார். அது தணிந்து எழுந்தது. லோரியிடம் போய் அப்படியே அழுத்தினார். அது அசையவில்லை.

"நாலு சக்கரமும் வேல செஞ்சா எதுவும் இழுக்கும் மாப்ளே. எறக்கத்துல பின்னாடி வர்றது தள்ளுமே, அதத் தாங்கணும்."

"மெதுவா ஓட்டினா ஜீப்பே தாங்கும் மாமா."

"அப்பாசாமியும் மெதுவாத்தான் ஓட்டினான்."

தேவதாஸ் ஜீப்பிலிருந்து இறங்கினான்.

வீட்டில் சீதா அழுதாள். ஒருவன் செத்த இடத்தில் தன் புருஷனை உட்கார வைக்கப் பார்க்கிறார் அப்பா என்றாள். அவள் அம்மா பூங்காவனம் எப்போதும் சொல்கிற வழியைச் சொன்னாள்: சாமி முன்னால் பூப்போட்டுப் பார்ப்பது.

"போன ஜீப்புக்குந்தான் பூப்போட்டுப் பாத்தோம்" என்றார் மருதமுத்து.

"ஆமா, பாத்தோம். உங்க பேரச் சொல்லித்தானே கேட்டோம்? நீங்க திரும்பி வந்துட்டீங்கல்ல?"

பூங்காவனம் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். மருதமுத்துவின் முகம் கறுத்ததைச் சீதா பார்த்தாள். அப்பாசாமியின் பேரைச் சொல்லி அன்று யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. ஆனாலும் இந்த முறை தேவதாஸ் பேரைச் சொல்லிக் கேட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெருவிலிருந்த பிள்ளையார் கோயிலுக்குப் போனார்கள். சிவப்புப் பூ என்றால் ஜீப், வெள்ளை என்றால் லோரி. பூங்காவனம் இலையில் தனித்தனியாக மடித்து வைத்தாள். சீதா கண்ணை மூடி, கணவன் பேரைச் சொல்லி ஒன்றை எடுத்தாள். பிரித்தபோது அரளி சிவப்பாக இருந்தது.

"பாத்தீங்களா மாமா!" என்றான் தேவதாஸ். பூங்காவனம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சீதா பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மருதமுத்து அந்தப் பூவை வாங்கிப் பார்த்துவிட்டு மகளிடமே திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் தனியாகச் செமாபோக்குக்குப் போனார். வாசலில் கோலமாவும் எலுமிச்சம்பழமுமாக ஜீப்புக்குக் காத்திருந்தார்கள். வந்தது கனமான சத்தம். லோரி தெருவில் திரும்பி வீட்டு முன்னால் நின்றது. மருதமுத்துவே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்து இறங்கினார்.

சீதா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஆள் வந்தது. தம்பின் சாலையில் ரப்பர் ஏற்றிய லோரி ஒன்று அச்சு முறிந்து நிற்கிறதாம். தேவதாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்தான். கொப்புளங்கள் இருந்த கதவு அவன் நெஞ்சுக்கு நேராகச் சாத்திக்கொண்டதை ஜன்னலிலிருந்து பார்த்தாள் சீதா.

"மாப்ளே, எறங்கு" என்றார் மருதமுத்து.

"என்னா மாமா?"

"எறங்குன்னா எறங்கு லா."

"டாக்டர் என்னா சொன்னாரு உங்களுக்கு? இந்தக் கிளச்ச மிதிச்சீங்கன்னா காலே போயிடும்!"

மருதமுத்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தேவதாஸ் இறங்கினான்.

பூங்காவனத்துக்குப் பொறுக்கவில்லை. தெரு கேட்கச் சத்தம் போட்டாள். "பூவ நம்பலன்னா மாப்ளைய ஓட்ட விடுங்க. நம்பினீங்கன்னா இந்தச் சனியன ஏன் வாங்கிட்டு வந்தீங்க?"

"வழிய விட்டு நில்லு" என்றார். சீதா வாசலுக்கு ஓடிவருவதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

அன்று அவர் திரும்பி வந்தார். அடுத்தடுத்த தடவையும் வந்தார். ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் தெருவுக்குள் வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. பேரன் பிறந்தான், நடந்தான், பள்ளிக்கூடம் போனான். மருதமுத்துவின் கால் மரக்கட்டையாகிக்கொண்டே வந்தது. இறக்கங்களில் போகும் வேலை எதையும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேவதாஸை ஒரு நாளும் அந்த ஸ்டீரிங்கைத் தொட விடவில்லை. ஏன் என்று சீதா கேட்டபோதெல்லாம் அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அடுத்த வரிசையில் இருந்த அஞ்சலையின் வீட்டைப் பார்த்தார்.