ஈரம் கழித்த எடை

எடைக்கருவியில் ஏறியதும் நான் கண்களை மூடிக்கொள்வேன். எண்ணைப் படிப்பது என் கணவரின் வேலை. சமையலறைக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவே, தரை மேடுபள்ளம் இல்லாமல் இருந்த ஒரே இடத்தில் அந்தக் கருவியை அவர் வைத்திருந்தார். காலையில் காப்பி குடிப்பதற்கு முன்னால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்ப்பார். பார்த்ததும் சொல்லமாட்டார். எழுந்துபோய், தினசரி நாள்காட்டியில் முந்தைய நாளின் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எண்ணை எழுதிவிட்டுத்தான் சொல்வார். அதுவரை நான் கருவியின் மேலேயே நின்றுகொண்டிருப்பேன். இறங்கிவிட்டால் எண் மாறிப்போகும் என்று எனக்கு ஒரு பயம்.

அப்போது எனக்கு ஐம்பத்தோரு வயது. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். மகள் பிறந்தபோது வயிற்றில் போட்ட பழைய தையலின் ஓரத்தில் ஒரு வீக்கம் தென்பட்டது. குடலிறக்கம் என்றார் தஞ்சாவூர் மருத்துவர். ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும்; ஆனால் எண்பத்து நான்கு கிலோ உடம்பில் தையல் நிற்காது, எழுபத்தாறுக்கு வந்துவிட்டு வாருங்கள் என்றார். அதற்குள் குடல் சிக்கிக்கொண்டால் ஆபத்து என்றும் சொன்னார். அந்த வார்த்தை என்னைவிட என் கணவரைத்தான் அதிகம் பிடித்துக்கொண்டது.

அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர். விவசாயிகள் கொண்டுவரும் நெல்லின் ஈரத்தைப் பார்த்து, எடை போட்டு, பட்டியல் எழுதுகிற வேலை. கல்யாணமான புதிதில் ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், "இன்னிக்கு வந்த நெல்லு எதுலயும் காய்ச்சல் இல்ல" என்று அலுத்துக்கொண்டார். நான் கும்பகோணத்துக் கடைத்தெருவில் வளர்ந்தவள். "காய்ச்சல் இல்லேன்னா நல்லதுதானேங்க?" என்று கேட்டுவிட்டேன். நெல் நன்றாகக் காய்ந்திருப்பதைத்தான் இங்கே காய்ச்சல் என்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? முப்பது வருடம் ஆகியும் அதைச் சொல்லிச் சிரிப்பதை அவர் விடவில்லை. என் நெற்றி உண்மையிலேயே சுட்ட நாட்களில்கூட, கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல காய்ச்சல், உடனே எடை போட்டுரலாம்" என்பார்.

உடம்பைக் குறைப்பது என்றால் இந்த ஊரில் சோற்றைக் குறைப்பது என்று அர்த்தம். சுற்றிலும் நெல்லை வைத்துக்கொண்டு ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்திருப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பது இங்கே விருந்துக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். நான் போனேன். எழுந்தும் வந்தேன். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் ஒரு கரண்டிச் சோறும் இரண்டு கிண்ணம் கீரையும், இரவு சுண்டல். சாயங்காலம் ஆற்றுக் கரையோடு நடை. முதல் வாரம் ஒன்றரைக் கிலோ குறைந்தது. ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் அறுநூறு கிராம் ஏறியது, மறுநாள் முந்நூறு இறங்கியது, அதற்கு மறுநாள் மறுபடி ஏறியது. ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடாதபோது எங்கிருந்து ஏறுகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏறிய நாளில் காலைக் கூழைத் தொடமாட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன். இறங்கிய நாளில் நல்ல டீச்சர்.

சுவாமிமலையில் ஒரு கல்யாணம். அங்கும் அளவாகத்தான் சாப்பிட்டேன்; அப்பளமும் ஊறுகாயும் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே ஆகிவிட்டது. மறுநாள் காலை ஒரு கிலோ நானூறு ஏறியிருந்தது. நான் கருவியை விட்டு இறங்கி, இனிமேல் இதெல்லாம் வேண்டாம், சாகிறபோது சாகிறேன் என்றேன். அவர் பதறவில்லை. தாளை வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நேத்து நீ தின்னதை எல்லாம் சேத்தாலே ஒண்ணரைக் கிலோ தேறாது. அப்புறம் எப்படி அவ்வளவும் சதையாகும்? உப்பு தண்ணியப் புடிச்சு வச்சிருக்கு. இது ஈரம்டி. ராத்திரி பனியில கெடந்த நெல்லும் காலையில எடை காட்டும். அதுக்காக நெல்லு பெருத்துப் போச்சுன்னா எழுதறோம்?"

"நான் என்ன மூட்டையாங்க?" என்றேன். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. இரண்டு நாளில் ஒரு கிலோ இருநூறு தானாக இறங்கியது. அதற்கும் அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது சரியாகிப்போனது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர் ஏழு தாள்களையும் மேசைமேல் பரப்பினார். ஒரே ஒரு மூட்டையில் கையை விட்டு நெல்லின் தரத்தைச் சொல்லக்கூடாது, பல மூட்டைகளிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்து ஒன்றாகக் கலந்துதான் பார்க்கவேண்டும் என்பது அவர் தொழிலின் முறை. ஏழு நாள் எடையையும் கூட்டி ஏழால் வகுத்தார். போன வாரத்தை விட நானூறு கிராம் குறைவு. "தெனமும் நான் சொல்ற நம்பர் உனக்குக் கெடையாது. ஞாயித்துக்கெழம சொல்றதுதான் உன் எடை" என்றார். எனக்குக் கணக்கு புரிந்தது. நான் பாடம் நடத்துகிறவள். மனதுக்குத்தான் புரிய நாளாயிற்று.

புரியாத அந்த நாட்களில்தான் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தேன். மருத்துவரிடம் மூன்றாவது முறை போகவேண்டியிருந்தது. நல்ல எண்ணாகக் காட்டவேண்டும் என்று அதற்கு முந்தைய இரண்டு நாளும் தண்ணீரை அடியோடு குறைத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக் கருவியில் ஒரேயடியாக ஒரு கிலோ எண்ணூறு இறங்கியது. அவர் அதைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு எழுதினார். மருத்துவமனைப் படியிலேயே எனக்குக் கண் இருட்டிவிட்டது. எடை பார்க்கப் போனவளைப் படுக்க வைத்து, சாயங்காலம் வரை குளுக்கோஸ் ஏற்றினார்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோட்டுல கொட்டி ஒரே வெயில்ல காயவச்ச நெல்லு மெஷின்ல போனா குருணையாப் போயிடும்" என்றார் கடைசியில். "நீ மெதுவாவே காயி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." அன்றைக்குத்தான் எண்களோடு நான் போட்ட சண்டை முடிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் நிதானமாக நடந்தது. சில ஞாயிறுகளில் இருநூறு கிராம், சில ஞாயிறுகளில் ஒன்றுமில்லை. தீபாவளிக்கு ஏறியது, கார்த்திகையில் இறங்கியது. பொங்கல் கழிந்தபோது எழுபத்தொன்பதுக்கு வந்திருந்தேன். இன்னும் மூன்று கிலோ. காலையில் கண்ணை மூடி நிற்கிற அந்த அரை நிமிடம் எனக்குப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கொல்லையில் மைனா கத்தும். பின்னால் தாள் கிழிபடும். பிறகு பேனாவைத் தேடி, "எங்க வச்சேன்?" என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். பேனா எப்போதும் அவர் காதில்தான் இருக்கும். சொல்லாமல் நின்றுகொண்டிருப்பேன்.

மாசி பிறந்த முதல் வாரம். சம்பா அறுவடை முடிந்து நிலையத்தில் நெல் மலையாகக் குவிந்திருந்த நேரம். வேலைக்குக் கிளம்பி வண்டியை வெளியே எடுத்தவர், மறுபடி உள்ளே வந்து, நெஞ்சு என்னவோ பண்ணுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. ஆபத்து என்று மருத்துவர் சொன்னதெல்லாம் என் உடம்பைப் பற்றித்தான். நாங்கள் இரண்டு பேரும் என் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம். அவரை ஒருநாள்கூட அந்தக் கருவியில் ஏற்றிப் பார்த்ததில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் இரண்டு மாதம் நான் எடை பார்க்கவில்லை. நாள்காட்டியை யாரும் கிழிக்கவும் இல்லை. மகள் பெங்களூரிலிருந்து வந்து இருந்தாள். ஊருக்குத் திரும்பும் முன், டாக்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று கெஞ்சினாள். அவளை ரயில் ஏற்றிவிட்டு, பங்குனிக் கடைசியில் ஒருநாள் நான் மட்டும் போனேன்.

அங்கே கருவியில் ஏறியதும் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். மருத்துவரே குனிந்து படித்தார். "எழுபத்தஞ்சு எண்ணூறு. டார்கெட்டுக்குக் கீழயே வந்துட்டீங்க டீச்சர். பிரமாதம்" என்றார். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவர் சந்தோஷப்பட்டார். என் கணவராக இருந்தால் சந்தோஷப்பட்டிருக்கமாட்டார். இரண்டு மாதத்தில் மூன்று கிலோவா, என்ன சாப்பிட்டாய், தூங்கினாயா என்று குடைந்திருப்பார்.

"சார் வரலையா? எப்பவும் கூடவே வருவாரே" என்றார் மருத்துவர்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கொள்முதல் சீசன் சார். லீவு கிடைக்கல" என்று வந்தது.

"ஆமாமா, நெல்லு வர்ற நேரம். ஆபரேஷன் அடுத்த மாசம் வச்சுக்கலாம். அவர்கிட்ட கேட்டுட்டுத் தேதி சொல்லுங்க."

"கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன்.

ஆபரேஷன் வைகாசியில் நல்லபடியாக நடந்தது. கையெழுத்துப் போட மகள் வந்தபோதுதான் மருத்துவருக்கு விஷயம் தெரிந்தது. இப்போது இரண்டு வருடம் ஆகிறது. காலையில் நானே குனிந்து எண்ணைப் பார்க்கிறேன். எழுபத்தாறுக்கும் எழுபத்தேழரைக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏறினால் இப்போது பதற்றமில்லை. ஈரம் என்று தெரிகிறது. தெரிந்ததை யாரோடு சண்டை போட்டு ஒத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

கேட்டுச் சொல்கிறேன் என்று அன்றைக்கு மருத்துவமனையிலிருந்து வந்தவள், நாலு நாள் கழித்துத்தான் போன் செய்து தேதி சொன்னேன். மறுநாளே சொல்லியிருக்கலாம். ஆனால் என் கணவரிடம் எதைக் கேட்டாலும், யோசித்துப் பதில் சொல்ல நாலு நாளாகும்.