நாய் கலைக்கிற ஒழுங்கை

எழுபதுகளின் தொடக்கத்தில் உடுப்பிட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. நான் கொழும்புத்துறைக்காரி. தினமும் பஸ்ஸில் போய்வர ஏலாது என்று தூரத்து உறவான ஒரு மாமி வீட்டில் தங்கினேன். ஏழாம் வகுப்புக்குச் சமூகக்கல்வி படிப்பிக்கச் சொன்னார்கள். புத்தகத்தில் அப்போது வந்த பாடம் கனடாவின் கோதுமை விளைச்சல். கோதுமை மாத் தட்டுப்பாட்டில் பாணுக்கு விடியக் காலையில் வரிசையில் நின்றுவிட்டு வரும் பிள்ளைகளுக்கு அந்த நாட்டில் கோதுமை எப்படிக் குவிந்து கிடக்கிறது என்று நான் விளங்கப்படுத்துவேன். அவர்கள் மரியாதையாகக் கொட்டாவி விடுவார்கள்.

ஒருநாள் வீட்டுக்குக் கடிதம் போட வேண்டியிருந்தது. தபாற்கந்தோருக்கு எப்படிப் போவது என்று வகுப்பில் கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். வகுப்பு முழுவதும் எழும்பி நின்றது. ஒருவன் கிழக்கே கையைக் காட்டினான், இன்னொருத்தி மேற்கே காட்டினாள். "உதாலை போனா வெள்ளத்துக்கை விழுவியள் ரீச்சர்!" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு சத்தம். சண்டை பெருக்கவே, முன்வாங்கில் இருந்த இரட்டைப் பின்னல்காரியிடம் வெண்கட்டியைக் கொடுத்து, "நீ வந்து கீறிக் காட்டு" என்றேன். அவள் கீறினாள். பிழை பிழை என்று மற்றவர்கள் கரும்பலகைக்கு ஓடி வந்தார்கள். மணி அடித்தபோது தபாற்கந்தோருக்கு வழி தெரியாமலே நான் வெளியே வந்தேன். ஆனால் அன்றைக்கு ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

அடுத்த நாள் அதிபரிடம் போய், பிள்ளைகளைக் கொண்டு ஊரின் படம் ஒன்று கீறுவிக்கப் போகிறேன் என்றேன். அவர் நல்ல மனிதர். எந்தப் புது விஷயத்தைக் கேட்டாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடித்து, "பெற்றோர் தினத்துக்குச் சுவரிலை மாட்டக்கூடியதா இருந்தால் செய்யும் பிள்ளை" என்றார்.

தும்புக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளவு பார்த்தோம். பின்னேரங்களில் நானும் பிள்ளைகளும் கயிறும் தடியுமாக ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்தோம். வீதியை அகலமாக்க அரசாங்கம் அளக்கிறது என்று எங்கேயோ ஒரு கதை கிளம்பிவிட்டது. வருஷம் வருஷமாக ஒழுங்கைக்குள் மெல்ல மெல்ல முன்னேறி வந்த சில வேலிகள் அந்தக் கிழமையில் சத்தமில்லாமல் தங்கள் பழைய இடத்துக்குத் திரும்பிப் போயின. மாமி மட்டும் வாய்விட்டுக் கேட்டா: "நீர் படிப்பிக்க வந்தனீரோ, காணி அளக்க வந்தனீரோ?"

பெரிய வீதிகளுக்குப் பெயர் இருந்தது. ஒழுங்கைகளுக்கு எழுதிவைத்த பெயர் எதுவும் இல்லை. "நீங்கள் கூப்பிடுகிற பெயரையே போடுங்கள். படத்தில் உண்மைதான் இருக்கவேண்டும்" என்றேன். மழைக்கு வெள்ளம் நிற்கிற ஒழுங்கை, மாங்காய் ஒழுங்கை என்று எழுதிக்கொண்டு போனார்கள். யாருடைய மாங்காய் என்று நான் கேட்கவில்லை. கோயிலுக்குக் குறுக்கு வழியாகப் போகும் ஒழுங்கைக்கு இரட்டைப் பின்னல்காரி, 'நாய் கலைக்கிற ஒழுங்கை' என்று வடிவான எழுத்தில் எழுதினாள்.

அந்த நாயை எனக்கும் தெரியும். அந்த வழியால் ஒரேயொரு தடவை போய், அது துரத்திவர, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

பெற்றோர் தினத்தன்று பேச்சுகளை ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் படத்துக்கு முன்னால்தான் நின்றார்கள். தங்கள் வீட்டைக் கண்டுபிடித்தவர்கள், பக்கத்து வீடு தங்கள் வீட்டைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று விரலால் அளந்து பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளை வேட்டியும் குடையுமாக ஒரு பெரியவர் வந்தார். தெற்கே சிங்கள ஊர்களின் ரயில் நிலையங்களில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்து பென்சன் எடுத்து ஊருக்கு வந்தவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். பேப்பர்களுக்கும் கந்தோர்களுக்கும் முறைப்பாடு எழுதுவதில் பெயர் பெற்றவர். அந்த நாய் அவருடையது.

படத்தைக் கிட்டப் போய் வாசித்தார். "இதை ஆர் எழுதினது?"

"நான்தான் ஐயா" என்றாள் இரட்டைப் பின்னல்காரி.

"எங்கடை அப்பரின்ரை பேரிலை உள்ள ஒழுங்கை அது. தெரியுமோ?"

"அப்பிடி ஒருத்தரும் சொல்லுறேல்லை ஐயா."

"என்ரை நாய் ஒருத்தரையும் கலைக்கிறேல்லை."

மண்டபம் சிரித்துவிட்டது. பின்னால் நின்ற தபால்காரர் ஒரு காலைத் தூக்கி, தையல் போட்ட கால்சட்டையைக் காட்டினார். "அப்ப இது என்ன ஐயா?"

பெரியவரின் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உதைக் கழட்டும். இல்லாட்டில் நான் மேலை எழுதுவன்."

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். எனக்கு அது முதல் நியமனம், இன்னும் நிரந்தரமாக்கவுமில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த இரட்டைப் பின்னல் பெட்டை, "ரீச்சர், படத்திலை உண்மையைத்தான் போடவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவள் பெரியவரைப் பார்த்து, "நாய் கலைக்காட்டில் பேரை மாத்தலாம் ஐயா. நாங்கள் வந்து பாக்கிறம்" என்றாள்.

சோதனை என்றால் அவருக்கு விளங்கும். வாழ்க்கை முழுக்க மேலதிகாரிகள் வந்து சோதித்த மனிதர். குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, "வாருங்கோ. வந்து பாருங்கோ" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வகுப்போடு போனோம். அவர் தன் வேலிப் படலையடியில் நின்றார். நாய் அவரைத் தாண்டிப் பாய்ந்தது. நாங்கள் ஓடினோம். பின்னால் அவருடைய குரல் கேட்டது: "விளையாடுது! அது விளையாடுது!"

அதற்கடுத்த நாள் நாய் தென்னையில் கட்டப்பட்டிருந்தது. நாங்கள் ஒழுங்கையைக் கடந்தோம். அது கலைக்கவில்லை. அவர் வெற்றிச் சிரிப்போடு நின்றார். வகுப்புக்குத் திரும்பியதும் பெரிய வழக்கு ஒன்று கிளம்பியது: கட்டிவைத்த நாய் கலைக்காத நாயா?

"கலைக்கேல்லைத்தானே? பேரை மாத்துவம்."

"அது ஏலாமல் நிண்டது. விருப்பமில்லாமல் நிக்கேல்லை."

"ஒழுங்கையாலை போற ஆளுக்கு நாயின்ரை விருப்பம் என்னத்துக்கு?"

"கயிறு அறுந்தால்?"

நான் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சொல் சொல்லக்கூட அவர்கள் இடம் தரவில்லை. சன்னலுக்கு வெளியே அதிபரும் நின்று கேட்டார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. கடைசியில் கைதூக்கி எண்ணிப் பார்த்தார்கள். கயிறில்லாமல் நின்றால்தான் கணக்கு என்று முடிவாயிற்று.

முடிவைப் போய்ச் சொன்னபோது பெரியவர் கோபிக்கவில்லை. யோசித்தார். பிறகு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கிட்ட வரச் சொன்னார். நாயிடம் என்னவோ சிங்களத்தில் சொன்னார். தெற்கிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்த நாய் அது.

ஒரு பொடியன் பயந்து பயந்து கேட்டான்: "ஐயா, நாய்க்குத் தமிழ் விளங்காதோ?"

பெரியவர் அவனையே பார்த்தார். பிறகு சிரித்தார். குடை கையிலிருந்து விழுமளவுக்குச் சிரித்தார். இத்தனை காலமும் ஊர்ப்பிள்ளைகள் 'அடி, போ' என்று கத்தியதெல்லாம் அந்த நாய்க்கு வேற்றுமொழி என்பது அவருக்கே அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். 'இரு', 'போ', 'வா' என்பதற்கெல்லாம் சிங்களச் சொற்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பொடியன்கள் களவாகப் பாண்துண்டும் கொடுத்தார்கள். "உது லஞ்சம்" என்று இரட்டைப் பின்னல்காரி கண்டித்தாள். அடுத்த நாள் அவளே ஒரு துண்டு கொண்டு வந்தாள்.

பாணின் வேலையோ சிங்களத்தின் வேலையோ, நாய் படிந்துவிட்டது. கயிறில்லாமல் படலையடியில் படுத்திருந்து பிள்ளைகள் போகும்போது வாலை மட்டும் ஆட்டியது. தபால்காரர் மட்டும் நம்பாமல் இன்னும் சில காலம் படலைக்குத் தூரத்தில் நின்றே மணி அடித்தார்.

பெயரை மாற்றும் நாள் வந்தது. தன் தகப்பனாரின் பெயரைப் போடச் சொல்லிப் பெரியவர் வகுப்புக்கே வந்துவிட்டார். "அந்தப் பேரைச் சொன்னால் ஒருத்தருக்கும் வழி தெரியாது ஐயா" என்று பிள்ளைகள் விளக்கினார்கள். வெகுநேரம் கதைத்து, 'ஸ்ரேசன் மாஸ்டர் ஒழுங்கை' என்று தீர்மானித்தார்கள். அவர் கிட்டப் போய் வாசித்தார். பிறகு, "எழுத்துப் பிழை இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தவணைப் பரீட்சையில் கோதுமைக் கேள்விக்கு ஒருவரும் ஒழுங்காக விடை எழுதவில்லை. ஆனால் அடுத்த தவணையில், பக்கத்து ஊரையும் கீறுவோமா என்று அவர்களே வந்து கேட்டார்கள். அதிபர் அதற்கும் தலையை ஆட்டினார்.

ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் கூடிவிட்டது. கோயிலுக்குப் போகிறவர்கள், சந்தைக்கு வெங்காயம் கொண்டு போகிறவர்கள் எல்லோரும் அந்த வழியால்தான் போனார்கள். பெரியவர் படலையடியில் கதிரை போட்டு இருந்தார். முதலில் நேரம் கேட்பார், பிறகு ஊர்ப்புதினம் கேட்பார். அப்புறம் தெற்கில் தண்டவாளத்தில் யானை நின்ற கதையைத் தொடங்குவார். அதில் அகப்பட்டால் பொழுது போய்விடும். பொடியன்கள் அவரைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு ஓடப் பழகிவிட்டார்கள்.

சேலையோடு ஓட எனக்கு ஏலாது. "இரும் பிள்ளை" என்று உள்ளேயிருந்து இன்னொரு கதிரை வரும். நாய் வந்து என் செருப்பில் தலையை வைத்துப் படுக்கும். அந்தக் கதையை அங்கே இருந்த வருஷங்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் யானை கொஞ்சம் பெருத்துக்கொண்டே வந்தது. நான் மாற்றலாகிப் போகிற நாளில் அந்த யானை குட்டியும் போட்டிருந்தது.