ஒரு சொம்பு பானைத் தண்ணீர்

பிற்பகல் மூன்றே கால் மணி. தேன்பெட்டியின் வாசலில் என் கைமுட்டி அளவுக்குப் பழுப்பு நிற உருண்டை ஒன்று ஒட்டியிருந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அத்தனையும் தேனீக்கள்.

1991, காலாண்டு விடுமுறை. எனக்கு ஒன்பது வயது. ஒரகடத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை பாகல் போட்டிருந்தாள். பிஞ்சு பிடிக்கட்டும் என்று பந்தலோரம் ஒரே ஒரு தேன்பெட்டி வைத்திருந்தாள். ஒரு வாரமாகப் பெரிய குளவி ஒன்று வாசலிலேயே தேனீக்களைக் கவ்விக்கொண்டு போனது. துடைப்பத்தைக் கொடுத்து என்னைக் காவலுக்கு உட்கார வைத்த அத்தை, “குளவி வந்தா ஒரே அடி. பூச்சிங்க போயிடுச்சின்னா இந்த வருசம் பாகக்கா இல்ல, தெரிதா?” என்றாள். தெரிந்தது. ஆனாலும் கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தால் இந்த உருண்டை. தங்களுக்குள் கடித்துக்கொள்கின்றன என்று நினைத்தேன். கையை நீட்டினேன், உள்ளங்கையில் சூடு அடித்தது. காய்ச்சல் என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போடுவார்கள். பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததால், மண்பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு வந்து ஊற்றினேன்.

உருண்டை உடைந்தது. தேனீக்கள் பலகையில் சிதறின. நடுவிலிருந்து குளவி எழுந்தது. இறக்கையை இரண்டு முறை உதறியது. பக்கத்தில் கிடந்த தேனீயின் தலையைக் கத்தரித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் பறந்தது. துடைப்பம் என் காலடியிலேயே கிடந்தது. நான் அலறினேன்.

அத்தை ஓடி வந்தாள். “இன்னாடி பண்ண?”

“சண்ட போட்டுக்கினு இருந்துச்சிங்க அத்தே. காய்ச்சல் வேற. தண்ணி ஊத்தி வெலக்கி வுட்டேன்.”

“வெலக்கி வுட்டியா? நீ இன்னா பஞ்சாயத்து தலைவரா? குளவியப் புடிச்சி அமுக்கி வெச்சிருந்துதுங்கடி!”

மறுநாள் ஆறு குளவிகள் வந்தன. ஆளுக்கொரு துடைப்பத்தோடு நின்றோம். நான்காம் நாள் காலை பெட்டி காலி. செத்தவை போக, மற்றவை கூட்டமாக எங்கோ போய்விட்டன. அத்தை ஆண் பூக்களைப் பறித்துப் பெண் பூக்களில் தேய்த்துப் பார்த்தாள். பந்தல் முழுவதற்கும் இரண்டு கை போதவில்லை.

அந்தச் சூடு என்னவென்று படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. தேனீக்கள் குளவியைச் சூழ்ந்துகொண்டு, உடம்பை நடுக்கிச் சூடேற்றி அதைக் கொல்கின்றன. குளவி தாங்கும் சூட்டைவிடத் தேனீ தாங்கும் சூடு சில டிகிரிதான் அதிகம்.